கேள்வி நேரத்துக்குப் பிறகு நடக்கும் சட்டமன்றம்

ஸ்காபரோவில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "செய்தியில் குயின்ஸ் பார்க்கைக் காட்டும்போதெல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்துகிறார்கள். நாள் முழுக்க இதுதான் வேலையா? எங்கள் எம்பிபி (மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்) அங்கே போய் என்னதான் செய்கிறார்? நாங்கள் போய்ப் பார்க்கலாமா, பார்த்தால் ஏதாவது பயன் உண்டா?"

நீங்கள் செய்தியில் பார்ப்பது, குயின்ஸ் பார்க்கில் இருக்கும் ஒன்ராறியோ மாகாணச் சட்டமன்றத்தின் கேள்வி நேரம் மட்டுமே. காலை பத்தரை மணியை ஒட்டித் தொடங்கி ஒரு மணி நேரம் நடக்கும். கமெராக்கள் அதற்குத்தான் வரும், நிருபர்களும் அதற்குத்தான் வருவார்கள். முடிந்ததும் சட்டமன்ற அவை பெரும்பாலும் காலியாகிவிடும். உங்கள் வாடகையையும், பிள்ளையின் பள்ளியையும், அம்மாவுக்கு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைப்பதையும் தீர்மானிக்கிற வேலை மற்ற நேரங்களில், அதிகம் பேர் பார்க்காதபோது நடக்கிறது. எங்கள் சமூகம் தேர்தல் காலத்தில் காட்டும் அக்கறையில் கால்வாசியையாவது இந்த மற்ற நேரங்களுக்குக் காட்ட வேண்டும் என்பது என் கருத்து. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒன்ராறியோ சட்டமன்றத்தில் 124 இருக்கைகள். 2025 பெப்ரவரி 27இல் நடந்த தேர்தலில் டக் ஃபோர்டின் முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 80, மாரிட் ஸ்டைல்ஸ் தலைமையிலான புதிய ஜனநாயகக் கட்சிக்கு 27, லிபரல்களுக்கு 14, பசுமைக் கட்சிக்கு 2, சுயேச்சை ஒருவர். இதில் கவனிக்க வேண்டிய எண் 12. அத்தனை பேர் இருந்தால்தான் அவையில் அங்கீகரிக்கப்பட்ட கட்சி. 2018இல் 7 பேரும் 2022இல் 8 பேருமாக வந்த லிபரல்கள் அந்த ஆண்டுகள் முழுவதும் விதிகளின்படி சுயேச்சைகளாகவே நடத்தப்பட்டார்கள். கேள்வி கேட்கும் முறை, குழுக்களில் இடம், அலுவலக நிதி எல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தவை.

அவை கூடுவது திங்கள் முதல் வியாழன் வரை. வெள்ளிக்கிழமை உறுப்பினர்கள் தங்கள் தொகுதியில் இருப்பார்கள். திங்கள் தவிர்த்த மற்ற நாட்களில் காலை 9 மணிக்கே சட்டமூல விவாதம் தொடங்கிவிடும். படைக்கல சேவிதர் செங்கோலைத் தூக்கிக்கொண்டு முன்னே வர, சபாநாயகர் பின்னே வருவார். பிறகு பிரார்த்தனை. முன்பெல்லாம் கிறிஸ்தவ ஜெபம் மட்டும். 2008 முதல் அதோடு இந்து, பௌத்த, இஸ்லாமிய, யூத, சீக்கிய, பஹாய், பழங்குடிப் பிரார்த்தனைகளும் ஒரு மௌன நிமிடமும் முறைவைத்து வருகின்றன. பத்தே கால் மணிக்கு உறுப்பினர் அறிக்கைகள்: ஒருவருக்கு ஒன்றரை நிமிடம். தொகுதியில் இறந்த ஒரு தொண்டரை நினைவுகூர்வது, நூறு வயது கண்ட ஒருவரை வாழ்த்துவது, மூடப்பட்ட அவசர சிகிச்சைப் பிரிவைப் பற்றி முறையிடுவது என்று எதுவும் இருக்கலாம். செய்தியில் இது வராது. ஆனால் ஓர் உறுப்பினர் தன் தொகுதியை எவ்வளவு அறிந்து வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

பிறகு கேள்வி நேரம். எதிர்க்கட்சித் தலைவர் முதலில் எழுவார். அவருக்கு ஒரு கேள்விக்குப் பின் இரண்டு துணைக்கேள்விகள், சாதாரண உறுப்பினருக்கு ஒன்று. கேட்பதற்கும் ஒரு நிமிடம், பதிலுக்கும் ஒரு நிமிடம். நேரம் முடிந்தால் ஒலிவாங்கி நின்றுவிடும். ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, தொகுதிப் பெயரைத்தான் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறார் என்று சொல்லக் கூடாது. சொன்னால் சபாநாயகர் திரும்பப் பெறச் சொல்வார். "திரும்பப் பெறுகிறேன்" என்றால் விஷயம் அத்தோடு முடிந்தது. மறுத்தால் சபாநாயகர் அவரைப் பெயர் சொல்லி அழைப்பார், அதன் பொருள் அன்றைக்கு வெளியேற வேண்டும் என்பது. இப்போதைய சபாநாயகர் டொனா ஸ்கெல்லி. 2025 ஏப்ரலில் தெரிவானார், அந்தப் பதவிக்கு ஒன்ராறியோவில் தெரிவான முதல் பெண்.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று அமைச்சரைக் கட்டாயப்படுத்தச் சபாநாயகருக்கு அதிகாரம் இல்லை. முதல்வரிடம் கேட்டதை அவர் வேறோர் அமைச்சரிடம் தள்ளிவிடலாம், அந்த அமைச்சர் முந்தைய அரசாங்கத்தைத் திட்டிவிட்டு உட்காரலாம். ஆளுங்கட்சியின் பின்வரிசை உறுப்பினர்கள் தங்கள் அமைச்சர்களிடமே கேள்வி கேட்பதும் உண்டு. அமைச்சரின் திட்டத்தைப் பாராட்டுவதற்கான வாய்ப்பு அது. பதில் போதாது என்று நினைக்கும் உறுப்பினர் எழுத்தில் அறிவித்தால் பின்னொரு மாலையில் ஐந்து நிமிடம் அதையே விரித்துப் பேசலாம், அமைச்சரோ அவரது நாடாளுமன்ற உதவியாளரோ ஐந்து நிமிடம் பதில் சொல்வார். 'லேட் ஷோ' என்பார்கள். அப்போது அவையில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே இருப்பார்கள். ஆனாலும் பதில் உறைப்பாக வருவது சில சமயம் அங்கேதான், கைதட்ட ஆளில்லாதபோது.

கேள்வி நேரத்திலும் பொருட்படுத்த வேண்டிய நாட்கள் உண்டு. 2024 மே 28 அப்படி ஒரு நாள். அதுவரை அவையில் ஆங்கிலமும் பிரெஞ்சும்தான் பேசலாம். அந்த ஆண்டு மார்ச்சில் விதி மாறியது. வடமேற்கு மூலையில் உள்ள கிவெட்டினூங் தொகுதியின் உறுப்பினர் சோல் மமக்வா எழுந்து தன் தாய்மொழியான ஓஜி-கிரீயில் முதல்வரிடம் கேட்டார். சூ லுக்அவுட்டில் பழங்குடி முதியோருக்கான பராமரிப்பு இல்லம் எப்போது வரும் என்பதுதான் கேள்வி. மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள், அவருடைய சமூகத்துப் பெரியவர்கள் மேல்மாடத்தில் இருந்தார்கள். தம் மொழியைப் பேசியதற்காகப் பழங்குடிப் பிள்ளைகள் வதிவிடப் பள்ளிகளில் தண்டிக்கப்பட்ட நாடு இது. அவையின் செங்கோலில் பதித்திருக்கும் வைரங்கள் வடக்கே அட்டவாபிஸ்காட் அருகிலுள்ள சுரங்கத்திலிருந்து வந்தவை. வைரம் அவைக்குள் வந்தது 2009இல். வடக்கின் மொழி வருவதற்கு இன்னும் பதினைந்து ஆண்டுகள் ஆனது.

கேள்வி நேரம் முடிந்ததும் ஒத்திவைத்த வாக்கெடுப்புகள். எந்தத் தீர்மானத்துக்கும் முதலில் வாய்ச்சொல்லால் ஆம், இல்லை கேட்பார்கள். ஐந்து பேர் எழுந்து நின்றால் பதிவு வாக்கெடுப்பு. மணி அடிக்கும், கட்டிடம் முழுக்கக் கேட்கும், உறுப்பினர்கள் ஓடி வருவார்கள். கொறடாக்கள் வாக்கெடுப்பை மறுநாள் கேள்வி நேரத்துக்குப் பின் தள்ளிவைக்கலாம், அப்போதுதான் எல்லோரும் அவையில் இருப்பார்கள். அதனால் சட்டங்களின் தலைவிதி பெரும்பாலும் மதியத்துக்குச் சற்று முன் தீர்மானமாகிறது. ஒவ்வொருவராக எழுந்து நிற்க எழுத்தர் பெயரைச் சொல்வார். யார் எப்படி வாக்களித்தார் என்பது அவையின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சார்டில் அன்றே வந்துவிடும். உங்கள் எம்பிபி வீட்டு வாசலில் சொன்னதையும் அங்கே செய்ததையும் ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஒரு பக்கம் போதும்.

இன்னொரு வழியும் உண்டு: அவையின் ஏகமனதான இணக்கம். எல்லோரும் சம்மதித்தால் எந்த விதியையும் அந்த நேரத்துக்கு ஒதுக்கிவைக்கலாம். ஒரே ஒருவர் இருந்த இடத்திலிருந்தே "இல்லை" என்றால் அது விழுந்துவிடும். 2024 ஏப்ரலில் பாலஸ்தீனர்களின் அடையாளமான கஃபியே என்ற சால்வையை அவையில் அணிவதற்கு அப்போதைய சபாநாயகர் டெட் ஆர்னட் விதித்த தடையை நீக்க எதிர்க்கட்சி கேட்டது. முதல்வர் ஃபோர்ட் உட்பட நான்கு கட்சித் தலைவர்களும் தடையை ஏற்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் ஆளுங்கட்சி வரிசையிலிருந்து சிலர் "இல்லை" என்றதால் அது நிறைவேறவில்லை.

மதிய இடைவேளைக்குப் பிறகு குழு அறிக்கைகள், புதிய சட்டமூலங்கள், அமைச்சர்களின் அறிக்கைகள், மனுக்கள், அதன்பின் மாலை 6 மணி வரை விவாதம். இது மன்றத்தின் மெதுவான பகுதி. அந்த மெதுவில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. ஒரு சட்டமூலம் மூன்று வாசிப்புகளைக் கடக்க வேண்டும். முதலாம் வாசிப்பு அறிமுகம் மட்டும். இரண்டாம் வாசிப்பில் கொள்கை விவாதம். அதற்குப் பின் குழு, அங்கே பொதுமக்கள் வந்து பேசலாம், சொல் சொல்லாகத் திருத்தலாம். பிறகு மூன்றாம் வாசிப்பு, துணைநிலை ஆளுநரின் ஒப்புதல். ஏட்டில் இருக்கும் ஒழுங்கு இது. ஆனால் இரண்டாம் வாசிப்பில் ஆறரை மணி நேரம் பேசி முடிந்தால் அரசாங்கம் நேர ஒதுக்கீட்டுத் தீர்மானம் கொண்டுவந்து மிச்சத்தைச் சுருக்கலாம், குழுவைத் தாண்டியும் போகலாம். பெரும்பான்மை இருந்தால் யாராலும் தடுக்க முடியாது.

இதனால் என்ன வரும் என்பதற்கு 2022 இலையுதிர்காலத்தைப் பாருங்கள். பள்ளிகளில் துப்புரவு செய்பவர்கள், கல்வி உதவியாளர்கள், அலுவலகப் பணியாளர்கள் என 55,000 பேர் வேலைநிறுத்தத்துக்குத் தயாரானார்கள். ஒக்டோபர் 31, திங்கள்: சட்டமூலம் 28 அறிமுகமானது. வேலைநிறுத்தம் சட்டவிரோதம், நான்கு ஆண்டு ஒப்பந்தம் திணிக்கப்படும், உரிமைச் சாசனத்தை மீறினாலும் செல்லும் என்று அரசமைப்பின் 33ஆம் பிரிவும் பயன்படுத்தப்பட்டது. மறுநாள் காலை 5 மணிக்கே அவை கூட்டப்பட்டது. அந்த வாரம் இடைக்கால எதிர்க்கட்சித் தலைவர் பீட்டர் டபுன்ஸ் உட்படப் பல எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சொன்னதைத் திரும்பப் பெற மறுத்து வெளியேற்றப்பட்டார்கள். பொதுமக்கள் கருத்துச் சொல்லக் குழு அமர்வு எதுவும் இல்லை. நவம்பர் 3, வியாழன்: சட்டம் நிறைவேறியது. நவம்பர் 4: சட்டத்தை மீறி ஊழியர்கள் தெருவில் இறங்கினார்கள், மற்ற தொழிற்சங்கங்களும் சேரத் தொடங்கின. நவம்பர் 7இல் முதல்வர் பின்வாங்கினார். நவம்பர் 14இல் அதே அவை ஒரே நாளில் மூன்று வாசிப்புகளையும் முடித்து அந்தச் சட்டம் இருந்ததே இல்லை என்று ஆக்கியது. அந்த ஊழியர்களில் எங்கள் அம்மாக்களும் அக்காமாரும் ஏராளம். குழுவில் இரண்டு நாள் அவர்கள் வந்து தங்கள் சம்பளச் சீட்டைக் காட்டிப் பேசியிருந்தால் இந்த இரண்டு வாரச் சீரழிவு தேவைப்பட்டிருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

எதிர்க்கட்சியிடம் ஒரு காலத்தில் இருந்த ஆயுதம் என்ன என்று தெரிய வேண்டுமானால் 1997 ஏப்ரலுக்குப் போக வேண்டும். மைக் ஹாரிஸ் அரசாங்கம் ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ, யோர்க், ஈஸ்ட் யோர்க், ரொறன்ரோ ஆறையும் ஒரே நகரமாக இணைக்கச் சட்டமூலம் 103ஐக் கொண்டுவந்தது. எதிர்க்கட்சிகள் 12,000 அளவில் திருத்தங்களைக் கொடுத்தன. புதிய ஜனநாயகக் கட்சியின் உத்தி எளிது: நகரில் உள்ள ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு திருத்தம், அந்தத் தெருவாசிகளைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று. ஏப்ரல் 2ஆம் திகதி அபிவுட் ட்ரெயிலில் தொடங்கி அகரவரிசையில் இரவு பகலாக வாசித்தார்கள், உறுப்பினர்கள் முறைவைத்துத் தூங்கினார்கள். மூன்றாம் நாள் களைத்துப்போன ஆளுங்கட்சியினர் கவனிக்காமல் விட, கேஃபன் கோர்ட் என்ற சின்னத் தெருவுக்கான திருத்தம் நிறைவேறிவிட்டது! பிறகு அதை அரசாங்கம் இன்னொரு திருத்தத்தால் நீக்க வேண்டியிருந்தது. ஏப்ரல் 11 வரை இழுத்தது. சட்டமும் நிறைவேறியது, 1998 ஜனவரி 1இல் ஸ்காபரோ தன் நகரசபையை இழந்தது. இப்படி இனி யாரும் செய்ய முடியாதபடி அவையின் விதிகளும் பின்னர் மாற்றப்பட்டன. அந்தப் பத்து நாளை வெறும் இழுத்தடிப்பு என்று சொல்பவர்கள் உண்டு. தங்கள் நகரம் போவதைத் தெருப்பெயர் தெருப்பெயராக அவையின் பதிவேட்டில் ஏற்றிவிட்டுப் போனார்கள் என்றுதான் நான் பார்க்கிறேன்.

உங்கள் எம்பிபியின் வேலைக்கு வருகிறேன். அமைச்சராக இல்லாத உறுப்பினருக்குத் தன் பெயரில் சட்டமூலம் கொண்டுவர உரிமை உண்டு. முறை சீட்டுப் போட்டு வரும். ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: அரசாங்கப் பணத்தைச் செலவழிக்கச் சொல்லும் சட்டமூலத்தை அமைச்சர்தான் கொண்டுவர முடியும். தனிநபர் சட்டமூலங்களில் மரபுரிமை மாதங்களும் நினைவு வாரங்களும் நிறைய வருவதற்கு இதுவும் ஒரு காரணம், அவற்றுக்குச் செலவில்லை. தமிழ் மரபுரிமை மாதச் சட்டம் 2014இல் அப்படி வந்தது. கொண்டுவந்தவர் தமிழர் செறிந்த தொகுதிக்காரர் அல்ல, பிரின்ஸ் எட்வர்ட்-ஹேஸ்டிங்ஸ் தொகுதியின் டொட் ஸ்மித், அப்போது எதிர்க்கட்சி உறுப்பினர். ஸ்காபரோ-ரூஜ் பார்க் உறுப்பினர் விஜய் தணிகாசலம் சட்டமூலம் 104ஐ 2019இல் அறிமுகம் செய்தார், மூன்றாம் வாசிப்பு 2021 மே 6இல்தான் முடிந்தது. மே 18இல் முடியும் ஏழு நாட்களைத் தமிழினப் படுகொலை அறிவூட்டல் வாரமாக அறிவிக்கும் சட்டம் அது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்! இடையில் அது குழுவில் காத்திருந்தது, பொதுமக்கள் விடாமல் எழுதிக்கொண்டும் சந்தித்துக்கொண்டும் இருந்தார்கள். அரசாங்கத்தின் சட்டமூலம் 28 நான்கு நாளில் முடிந்ததோடு இதை ஒப்பிட்டால் அவையின் நேரம் யார் கையில் இருக்கிறது என்று புரியும்.

அவைக்கு வெளியே நடப்பவை இன்னும் முக்கியம் என்று சில ஆண்டுகளில் தோன்றும். கணக்காய்வாளர் நாயகமும் நேர்மை ஆணையரும் சட்டமன்றத்தின் அதிகாரிகள், அமைச்சரவைக்குக் கீழே வேலை செய்பவர்கள் அல்லர். 2022 முடிவில், கட்டிடம் கட்டாமல் பாதுகாக்கப்படும் நிலப்பரப்பான பசுமை வளையத்திலிருந்து 7,400 ஏக்கர் நிலத்தை அரசாங்கம் விடுவித்தபோது கேள்வி நேரத்தில் எத்தனை முறை கேட்டும் ஒரே பதில்தான் வந்தது. 2023 ஓகஸ்டில் கணக்காய்வாளர் நாயகம் பொனி லைசிக் தன் அறிக்கையில் நில உரிமையாளர்களுக்கு 830 கோடி டொலர் வரை மதிப்பு உயரக்கூடும் என்று எழுதினார். செப்டெம்பருக்குள் இரண்டு அமைச்சர்கள் விலகினார்கள், முதல்வர் மன்னிப்புக் கேட்டு முடிவை மாற்றினார்.

எனக்கு உள்ள பெரிய மனக்குறை, அவை கூடும் நாட்கள் குறைவது. 2025இல் ஜூன் 5ஆம் திகதி ஒத்திவைக்கப்பட்ட அவை ஒக்டோபர் 20இல்தான் மீண்டும் கூடியது. அந்தக் காலத்தில் கேள்வி நேரம் இல்லை, மனு இல்லை, எழுத்துக் கேள்விகளுக்குப் பதில் தரும் கெடுவும் நகராது. அந்தக் கெடு அவை கூடும் நாட்களில்தான் கணக்கிடப்படுகிறது. மனுக்களும் அப்படியே: அவையில் சமர்ப்பித்த மனுவுக்கு 24 அமர்வு நாட்களுக்குள் அரசாங்கம் எழுத்தில் பதில் தர வேண்டும். அவை கூடாவிட்டால் அந்த 24 மாதக்கணக்கில் நீளும். அதனால் மனு எழுதுகிறவர்கள் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். சட்டமன்றத்தை விளித்து எழுதி, முகவரியோடு கையொப்பம் வாங்கி, எந்தக் கட்சி எம்பிபியிடமும் கொடுக்கலாம்.

போய்ப் பார்க்கலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகப் போகலாம், கட்டணம் இல்லை. ஸ்காபரோவிலிருந்து இரண்டாம் வழித்தட ரயிலில் வந்து சென் ஜோர்ஜில் மாறி மியூசியம் அல்லது குயின்ஸ் பார்க் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். பாதுகாப்புச் சோதனை இருக்கும், நேரத்தோடு போங்கள். மேல்மாடத்தில் கைதட்டக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. 1893இல் திறந்த கட்டிடம், அவைக்குள் மரச்செதுக்கல்கள் அவ்வளவு அழகு. ஆளுங்கட்சியின் பார்வையில் படும்படி ஓர் ஆந்தை, விவேகமாக ஆள வேண்டும் என்பதற்காக. எதிர்க்கட்சியின் பார்வையில் படும்படி ஒரு பருந்து, கூர்ந்து கவனிக்க வேண்டும் என்பதற்காக. கேள்வி நேரம் முடிந்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள். பிற்பகல் விவாதத்தையும் கொஞ்சம் பாருங்கள்.

அதைவிடப் பயன், குழுவில் பேசுவது. அதற்கு வழக்கறிஞராகவோ அமைப்பின் தலைவராகவோ இருக்க வேண்டியதில்லை. சட்டமன்ற இணையதளத்தில் எந்தச் சட்டமூலம் எந்தக் குழுவில் இருக்கிறது என்று போட்டிருப்பார்கள், குழு எழுத்தருக்குப் பதிவு செய்ய வேண்டும். வழக்கமாக ஏழு நிமிடம் கிடைக்கும், பிறகு உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள். நேரில் போக முடியாவிட்டால் ஸூமில் பேசலாம், எழுதியும் அனுப்பலாம். வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்பான கலந்தாய்வுகளுக்கு நிதிக்குழு பல ஊர்களுக்குப் போவதும் உண்டு. அறிவிப்பு வந்து சில நாட்களிலேயே பதிவு முடிந்துவிடும், ஆகவே உங்களுக்கு அக்கறையுள்ள சட்டமூலம் இரண்டாம் வாசிப்பில் இருக்கும்போதே பேச்சை எழுதி வையுங்கள். உங்கள் வீட்டில் 7ஆம் அல்லது 8ஆம் வகுப்பில் படிக்கும் பிள்ளை இருந்தால் பேஜ் திட்டத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அவையில் தண்ணீரும் குறிப்புகளும் மனுக்களும் கொண்டு ஓடுபவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். எல்லா உறுப்பினர்களின் முகத்தையும் தொகுதியையும் அவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும், விவாதம் நடக்கும்போது சபாநாயகரின் மேடைப் படியில் உட்கார்ந்து கேட்பார்கள்.